அழைப்பு இலக்கணம்: மதுரை வழக்கு

பாயிரம்

இலக்கண நூல் எழுதப் புகுபவன் பாயிரத்திலேயே எட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும் என்பது பழைய விதி. இங்கே இரண்டு போதும். எல்லை: வடக்கே அழகர் மலை, தெற்கே திருப்பரங்குன்றம், மேற்கே நாகமலை, கிழக்கே திருவாதவூர்; சான்று போதாவிட்டால் திண்டிவனம் வரை பஸ் ஏறலாம். நுதலிய பொருள்: பிறருக்குத் தொண்டு செய்ய வா என்று கடவுள் கூப்பிடுவதும், கூப்பிடப்பட்டவர் போவதும், போகாமல் இருப்பதும், போவதுபோல் வாசல்வரை வந்து நிற்பதும். மீதி ஆறையும் வாசகர் தம் வசதிப்படி நிரப்பிக்கொள்க.

இப்பொருளுக்கு இதுவரை இலக்கணம் இல்லாதது வியப்பே. பஞ்சம் தீர்ந்த காலத்தில் மதுரையில் பொருளதிகாரம் அறிந்தவர் ஒருவரும் கிடைக்காமல் பாண்டியன் கவலைப்பட, ஆலவாய்ச் சொக்கரே 60 சூத்திரம் செய்து செப்பேட்டில் எழுதித் தம் பீடத்தின் கீழ் இட்டார் என்று இறையனார் களவியலின் உரை சொல்கிறது. காதலுக்கு இலக்கணம் கொடுத்தவர் தம்முடைய அழைப்புக்கு ஒரு சூத்திரமும் கொடுக்கவில்லை. இலக்கணம் கொடுத்தால் கூடவே விதிவிலக்கும் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். மதுரைக்காரர்களோடு நெடுநாள் பழகியவர்.

முன்னோர் இப்பொருளை மனத்தின் அளவு கொண்டு பகுத்தனர்: முழுமனம், அரைமனம், மனமின்மை. இந்நூலுக்கு அது உடன்பாடன்று. மனம் என்பது அவரவர்க்கே சரியாகத் தெரியாத சரக்கு. அதை நிறுக்கத் தராசு கிடையாது. செலவை நிறுக்கலாம். ஆகவே இந்நூல் எங்கும் ஒரே கேள்வி: அழைப்பு வந்த அன்று செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது?

வழியியல்

அழைப்பு வரும் வழி ஐந்து. ஆறு என்பாரும் உளர், ஆறாவது கனவு. கனவு இரவுச் சாப்பாட்டைப் பொறுத்தது ஆதலின் இங்கே விலக்கப்பட்டது.

முதலாவது, பேர் சொல்லிக் கூப்பிடுதல். சாமுவேல் என்ற சிறுவனை ராத்திரியில் கடவுள் பேர் சொல்லிக் கூப்பிட, பக்கத்தில் படுத்திருந்த வயதான ஆசாரியர் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று எண்ணி அவன் மூன்று முறை எழுந்து அவரிடம் ஓடினான் என்கிறது விவிலியம். கிழவர் குரலுக்கு மூன்று முறை படுக்கையை விட்டு எழும் பிள்ளைக்கு நான்காவது குரல் எங்கிருந்து வந்தால் என்ன? செலவு: ஏலியின் தூக்கம்.

இரண்டாவது, உத்தரவு. மதுரைச் சமவெளியில் இதற்கே வழக்கு மிகுதி. பிற தேசங்களில் கடவுள் மனிதனைக் கூப்பிடுகிறார். இங்கே மனிதன் கடவுளிடம் போய், என்னைக் கூப்பிடுகிற உத்தேசம் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறான். முறையாவது: வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் சாமி முன் போட்டு, விவரம் தெரியாத சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. நினைத்த நிறம் வந்தால் உத்தரவாயிற்று. வராவிட்டால் பிள்ளை ஒழுங்காக எடுக்கவில்லை, மறுபடி. மறுபடியும் வராவிட்டால் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை. அடுத்த அமாவாசைக்குப் பார்ப்போம். பூக்கட்டிப் பார்த்தலின் நுட்பம் இதுவே: இதில் சம்மதம் உண்டு, தவணை உண்டு, மறுப்பு என்ற பதிலே கிடையாது. போர் போடுவதற்கும் பெண் பார்க்கப் போவதற்கும் முதல் தடவையிலேயே பூ ஒத்துவருகிறது. ஓய்வு பெற்ற பிறகு வாரத்தில் இரண்டு நாள் பெரியாஸ்பத்திரி வார்டில் போய் ஆளில்லாத நோயாளிக்குக் கஞ்சி வாங்கிக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் வருஷக்கணக்கில் நிறம் மாறியே வரும். பல்லியும் அந்த நேரம் பார்த்துத் தப்பான சுவரிலிருந்து சத்தம் கொடுக்கும்.

உத்தரவின் உட்பிரிவு அருள். இங்கே சம்மதம் கேட்பதே இல்லை. கொட்டு முழங்கியதும், நேற்று வரை உரக்கடையில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவர்மேல் கருப்பன் இறங்கிவிடுகிறான். ஊர் வரிசையில் வந்து நிற்கிறது. பிள்ளையில்லாதவள், பங்காளிச் சண்டைக்காரன், வட்டி கட்ட முடியாதவன். அவர் திட்டுகிறார், திருநீறு போடுகிறார், நான் இருக்கிறேன் போ என்கிறார். ஊரின் துக்கத்தை விடிய விடிய நின்று கேட்பவரைத் தொண்டர் என்று எந்தச் சங்கத்தின் பதிவேடும் எழுதுவதில்லை. சாமி மலையேறியதும் அவர் ஒரு ஓரமாக உட்கார்ந்து சோடா குடிக்கிறார். செலவு: அவருடைய முழங்கால்.

மலையேறுதல் வெள்ளைக்கார ஊழியருக்கும் உண்டு. அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்தது 1834இல். அவர்கள் கோடைக்கானலில் பங்களா கட்டியது 1845இல். அழைப்பு சமவெளிக்கு வந்தது, ஆனால் சித்திரை வைகாசியில் அது மேலே போனால்தான் காதில் விழுந்தது என்று கேலி பேசலாம், பேசியும் இருக்கிறார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் காலராவிலும் காய்ச்சலிலும் இந்த மண்ணில் அவர்கள் எத்தனை பேரைப் புதைத்தார்கள் என்பதை நினைத்தால் கேலி பாதியில் நின்றுபோகும். கடல் தாண்டிப் போ என்ற குரல் கேட்டது தகப்பனுக்கு. கைக்குழந்தையை யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது, யானை வழி. உதாரணம் ஒன்றே. மூர்த்தி நாயனார் மதுரை வணிகர். சொக்கநாதருக்கு நாள்தோறும் சந்தனக்காப்பு கொடுப்பது அவர் பணி. மதுரையைப் பிடித்த கருநாட வேந்தன் அவருக்குச் சந்தனம் கிடைக்காதபடி செய்தான். அலைந்து பார்த்துக் கிடைக்காமல், சந்தனத்துக்குத்தானே தட்டுப்பாடு, கைக்கு இல்லையே என்று முழங்கையைக் கல்லில் வைத்து எலும்பு தெரியத் தேய்த்தார். அன்றிரவே அரசன் வாரிசில்லாமல் இறந்தான். அமைச்சர்கள் மரபுப்படி யானையின் கண்ணைக் கட்டி விட, அது இவரைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டது. இவரோ திருநீறும் உருத்திராக்கமும் சடைமுடியும்தான் அணிவேன், சம்மதமா என்று நிபந்தனை போட்டு அரசாண்டார். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் வரலாறு இது. தன் கையிலிருந்து செலவழித்தார் என்ற தொடர் இவர் ஒருவருக்கே நேர்ப்பொருளில் பொருந்தும். இந்நூலின் பேரேட்டில் முழுத் தொகையையும் சொந்தக் கணக்கிலேயே எழுதிக்கொண்டவரும் இவர் ஒருவரே. யானைக்குக் கண் கட்டப்பட்டிருந்தது என்பதைத் தேர்வாணையத்தார் கவனிக்க.

நான்காவது, கதவு தட்டுதல். இதற்கு எல்லை தாண்ட வேண்டும். ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, அப்பா என்று வீடு முழுக்க மருத்துவ ஊழியம். அதைப் பார்த்தே அவருக்கு அந்தப் பிழைப்பு வேண்டாமென்று ஆயிற்று. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். தாயார் தேறியதும் கப்பலேறுவதாக ஏற்பாடு. ஓர் இரவு ஒரு பிராமணர் வந்து கதவைத் தட்டினார். வீட்டில் மனைவி பிரசவ வேதனையில். நீங்கள் வாருங்கள் அம்மா என்றார். நான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர் என்றார் ஐடா. ஆண்பிள்ளை டாக்டர் உள்ளே வரக் கூடாது என்று அவர் திரும்பினார். அதே இரவில் ஒரு முஸ்லிம் வந்தார், பிறகு இன்னொரு இந்து. அதே வேண்டுகோள், அதே பதில், அதே மறுப்பு. காலையில் பார்த்தால் மூன்று பெண்களும் உயிரோடில்லை.

ஐடா கப்பலேறினார், டாக்டராகத் திரும்பி வருவதற்காக. 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம்; 1900இல் வேலூர். பிறகு நடந்தவற்றை வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த எந்தக் குடும்பமும் சொல்லும். இந்த இரவை ஐடாவின் அழைப்பு என்று ஊழியக் கூட்டங்களில் உருகி உருகிச் சொல்வார்கள். இலக்கணக்காரனுக்கு உறுத்துவது வேறு. ஒருத்தியைக் கூப்பிட மூன்று பேர் சாக வேண்டுமா? அந்த மூவரைக் கொன்றது கடவுளில்லை, ஆண் மருத்துவர் நிலைப்படி தாண்டக் கூடாதென்ற வழக்கமும் பெண்ணுக்கு மருத்துவம் படிக்க இடமில்லாத ஏற்பாடும். சரி. ஆனாலும் பேரேட்டின் முதல் வரி அவர்கள் பேரில்தான் எழுதப்பட வேண்டும். சொல்லப்படும் கதையில் அந்த மூவருக்கும் பேரே இல்லை.

ஐந்தாவது, உடம்பு வழி. இங்கும் அதே மூன்று வந்து நிற்கிறது. எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த கோவிந்தப்ப வெங்கடசாமிக்குப் பத்து வயது ஆவதற்குள் உறவுக்காரப் பெண்கள் மூவர் பிள்ளைப்பேற்றோடு இறந்தார்கள். அதைப் பார்த்த பையன் டாக்டராவது என்று முடிவெடுத்தான். அதிலும் பிரசவம் பார்க்கும் டாக்டர். திண்டிவனத்து அழைப்பும் வடமலாபுரத்து அழைப்பும் ஒரே எழுத்தில் வந்தவை. ஒன்று போய்ச் சேர்ந்தது. மற்றொன்றை வழியில் உடம்பு மறித்துத் திருத்தி எழுதிவிட்டது. 1944இல் மருத்துவப் பட்டம், ராணுவ மருத்துவப் பிரிவில் சில ஆண்டுகள், பிறகு கடுமையான முடக்குவாதம். படுத்த படுக்கை. எழுந்தபோது விரல்கள் கோணிக்கொண்டிருந்தன. பிரசவம் பார்க்கும் கையாக அது இனி இல்லை. கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணிய விரல்களுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்து, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் கண் அறுவை செய்தார். எந்தக் கடவுள் இப்படிக் கடிதம் எழுதிவிட்டுப் பாதியில் முகவரியை மாற்றுவார் என்று கேட்டால், அரவிந்த அன்னையின் அடியவரான அவர் சிரித்திருப்பார் என்றே தோன்றுகிறது.

1976. மதுரை மருத்துவக் கல்லூரியிலிருந்து 58 வயதில் ஓய்வு. பென்ஷன் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் தமுக்கம் பக்கம் நடந்துவிட்டு, பேரன்மாருக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க ஊரே அனுமதி வழங்கியிருக்கும் வயது. அவர் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். வீடு அடமானத்துக்குப் போயிற்று. குடும்பத்து நகைகள் அடகுக்குப் போயின. தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் அறுவைக் கூடத்துக்குப் போனார்கள்.

இங்கே ஒரு புதிய வகையை நிறுவ வேண்டியிருக்கிறது. அதற்கு உடனிழுபட்டோர் என்று பெயரிடுகிறோம். குரல் ஒருவருக்குக் கேட்கும். நகை குடும்பத்துக்குப் போகும். இவர்களும் விரும்பியே வந்தார்கள் என்பதற்கு அவர்களே பின்னால் பெரிய மருத்துவர்களாகி ஆஸ்பத்திரியை நடத்தியதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஒப்புக்கொள்கிறோம். பொதுவில் ஒரு குறிப்பு மட்டும்: தெற்குச் சீமைக் குடும்பத்தில் அண்ணன் ஒன்றைச் சொல்லித் தங்கை மறுப்பதற்கான வினைமுற்று விகுதி இன்னும் வழக்கில் வரவில்லை. ஒருவரின் விருப்பம் என்று வரலாறு எழுதுவதை உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் அது ஒரு வீட்டின் விருப்பம். சில வீடுகளில் அது வீட்டின் வாய்மூடலும்கூட.

இந்த ஆஸ்பத்திரியின் வரலாற்றில் இலக்கணத்துக்கு மிகவும் பயன்படும் செய்தி வேறொன்று. கண் முகாம் போட்டுப் புரை இருக்கிறது, அறுவை இலவசம், வாருங்கள் என்றார்கள். பலர் வரவில்லை. டாக்டர் விருப்பத்தோடு காத்திருக்க, பார்வை போனவர் விருப்பமில்லாமல் வீட்டில் இருந்தார். விசாரித்தபோது கணக்கு தெரிந்தது: ஊரிலிருந்து மதுரைக்குப் பஸ் காசு, இங்கே தங்கும் நாள்களுக்குச் சாப்பாடு, துணைக்கு வரும் மகனோ மருமகளோ இழக்கும் கூலி. இலவசம் என்ற சொல்லுக்கு டாக்டர் பக்கம் ஒரு பொருள். பார்வை மங்கிய கிழவியின் பக்கம் அதற்குப் பல நாள் கூலி விலை. பிறகுதான் முகாமிலேயே வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு வந்து, சோறு போட்டு, அறுவை முடித்து, திரும்பக் கொண்டுபோய் ஊரில் விடும் ஏற்பாடு வந்தது. காசு கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கும் பணத்தில் கொடுக்க முடியாதவர்களுக்கு இலவசம் என்று கணக்கு நின்றது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகாதென்று 1992இல் ஆரோலாப் தொடங்கி மதுரையிலேயே செய்யலானார்கள். அழைப்புக்கு இணங்கியவர்கள் பலர். இணங்கியபின் பஸ் கட்டணத்தைப் பற்றி யோசித்தவர்கள் சிலர். இரண்டாமவர்க்கே இந்நூலின் முதல் மரியாதை.

உடையியல்

மதுரைக்கு அழைக்கப்பட்டு வந்தோர் அனைவரும் இங்கே உடை மாற்றுகிறார்கள். இது ஆய்வில் தற்செயலாகக் கிடைத்த விதி.

ராபர்ட் தெ நொபிலி 1606இல் வந்தார். இத்தாலியப் பிரபு வம்சம், ஏசு சபைக் குரு. அவருக்கு முன்பே இங்கே ஒரு போர்ச்சுக்கீசியக் குரு பல ஆண்டாக இருந்து, மேல்சாதியாரில் ஒருவரையும் தொட முடியாமல் இருந்தார். நொபிலி கறுப்பு அங்கியைக் களைந்து காவி கட்டினார், புலால் விட்டார், தமிழும் வடமொழியும் படித்தார், தத்துவ போதகரானார். அங்கி சரியா காவி சரியா என்ற வழக்கு ரோமாபுரி வரை போய், 1623இல் போப்பாண்டவர் காவியின் பக்கம் சாய்ந்தார். ஆய்வாளர் பலர் இந்த வழக்கின் அழகில் மயங்கிவிடுகிறார்கள். செலவைப் பார்ப்போம். காவி கட்டியவர், முன்னமே கிறிஸ்தவரான கடற்கரைப் பரதவரோடு புழங்குவதை விட்டார். தமக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. உயர்ந்தோரை அழைக்கப் போன அழைப்பின் பில்லை ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தவர்கள் கட்டினார்கள்.

காந்தி 1921 செப்டம்பர் 22ஆம் தேதி மேலமாசி வீதி வீட்டில் வேட்டியைக் குறைத்து அரையாடைக்கு வந்தார். மூர்த்தி நாயனார் கிரீடத்துக்குப் பதில் சடையைக் கேட்டு வாங்கியதை மேலே கண்டோம். அழகரையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் அவர் ஆற்றில் இறங்கும் விடியற்காலையில் லட்சக்கணக்கான கண்கள் பார்ப்பது அவர் முகத்தை அல்ல, பட்டின் நிறத்தை. பச்சை என்றால் ஊர் நிம்மதியாக வீட்டுக்குப் போகும். வேறு நிறமென்றால் அடுத்த சித்திரை வரை பேச்சுக்குப் பஞ்சமில்லை.

இந்த விதியின் தற்கால வடிவம் டீ-ஷர்ட். அழகரை எதிர்கொள்ளும் எதிர்சேவை நாளில் தல்லாகுளத்திலிருந்து கோரிப்பாளையம் வரை நடந்து வருபவர், நீர்மோரும் பானகமும் புளியோதரைப் பொட்டலமும் வாங்காமல் நூறடி தாண்ட முடியாது. கொடுப்பவர் மார்பில் நகைக்கடையின் பேர். முதுகில் தொகுதிக்காரரின் படம். பந்தல்களைப் பகுக்க இந்நூல் பரிந்துரைக்கும் அளவை, பிளெக்ஸ் பரப்பைப் பானையின் கொள்ளளவால் வகுத்து வரும் ஈவு. ஈவு பெருகப் பெருகப் பக்தி பெருகும் என்பர் பிளெக்ஸ் அச்சகத்தார். குறை சொல்வதற்கில்லை, மோர் மோர்தான். வெயிலில் வந்த தொண்டைக்குப் படிப்பறிவு கிடையாது. முந்தின ராத்திரி முழுக்க வீட்டில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்து, பச்சைமிளகாய் நறுக்கி, கை எரிச்சலோடு படுத்த பெண்களில் ஒருவர் படமும் எந்தப் பிளெக்ஸிலும் இல்லை என்பதை மட்டும் பேரேட்டில் குறித்துக்கொள்க.

மறுப்பியல்

யோனா கப்பலேறி எதிர்த்திசையில் ஓடினார். இது கடல்வழி மறுப்பு. மதுரைக்குக் கடல் இல்லை. ஆதலின் இங்கே நிலவழி மறுப்புகளே வளர்ந்தன. நமக்கெல்லாம் எங்கேப்பா அந்தக் கொடுப்பினை என்பது அடக்கவழி மறுப்பு. மக கல்யாணம் முடியட்டும் என்பது தவணைவழி மறுப்பு; மகள் கல்யாணம் முடிந்ததும் பேறுகாலம், பேறுகாலம் முடிந்ததும் பேரனுக்கு ஸ்கூல் சீட்டு என்று இது சங்கிலியாக வளரும். நல்லவர்கள் பலரும் இந்த வகையில்தான் கிடக்கிறார்கள், அதை ஏளனம் செய்ய இந்நூலுக்கு உரிமையில்லை. மகள் கல்யாணமும் ஒருவகையில் கூப்பிட்ட குரல்தான்.

இவற்றையெல்லாம் விஞ்சிய ஒரு மறுப்பு வகை உலகத்திலேயே மதுரையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1939 ஜூலை 8ஆம் தேதி வழக்கறிஞர் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியாரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். ராஜாஜியின் அரசு சட்டத்தால் பாதுகாப்புக் கொடுத்தது. கோபுர வாசலுக்கு வெளியே எத்தனையோ தலைமுறை நின்றவர்கள் விடுத்த அழைப்புக்குக் கடைசியில் ஒரு வக்கீல் ஆஜரானார் என்று கொள்க. அப்போது எதிர்த்தவர்கள் என்ன செய்தார்கள்? கடவுள் கூப்பிடவில்லை என்று சொல்லவில்லை. எங்களுக்குக் கேட்கவில்லை என்றும் சொல்லவில்லை. அம்மன் கோயிலை விட்டே போய்விட்டாள் என்றார்கள். பட்டர்களில் ஒரு சாரார் பூசைக்கு வராமல் இருந்தனர். வேறோர் இடத்தில் தனியே மீனாட்சிக்கு வழிபாடும் நடந்தது. அழைத்தவர் வீடு மாற்றிவிட்டார் என்று சொல்லி அழைப்பைத் திருப்பி அனுப்பும் இந்த உத்தியை இலக்கணம் எழுந்து நின்று வணங்குகிறது. அம்மன் என்னவோ அதே கருவறையில், அதே கிளியோடு இருந்தாள்.

அரிஜனங்கள் நுழைய முடியாத கோயிலுக்குள் நான் நுழையேன் என்று பல முறை மதுரை வந்தும் வெளியே நின்ற காந்தி, 1946 பிப்ரவரியில் உள்ளே வந்து கும்பிட்டார். வைத்தியநாத ஐயரை அவர் சாதியார் தள்ளிவைத்தனர். உறவு வீட்டு விசேஷங்களில் அந்தக் குடும்பத்துக்கு விழுந்த இலைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கும். அதை யாரும் எண்ணவில்லை.

செலவியல்

இனி எல்லா வகைக்கும் தாய் வழக்கான வாதவூரர் வழக்கை எடுத்துக்கொள்வோம். திருவிளையாடற் புராணத்தில் 58ஆம் படலம் முதல் 61 வரை. பக்தியோடு படித்தவர் பலர். தணிக்கையாளர் கண்ணோடு படித்தவர் குறைவு.

திருவாதவூரர் அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்க அரசாங்கப் பணத்தோடு அனுப்பப்பட்டார். திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குரு உட்கார்ந்திருக்கக் கண்டார், அழைப்பு வந்தது, ஆட்கொள்ளப்பட்டார். தமிழுக்கு அன்று ஒரு மாணிக்கவாசகர் கிடைத்தார், அதில் மறுபேச்சில்லை. தலைப்பு மாற்றிச் செலவிட்டதாகத் தணிக்கைக் குறிப்பு எழுதவும் அன்றே இடம் கிடைத்தது. குதிரைப் பணம் கோயில் திருப்பணிக்கும் அடியார்க்கும் போயிற்று. குதிரை எங்கே என்று ஓலை வர, ஆவணி மூலத்தன்று வரும் என்று பதில் போயிற்று. சிவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து ஒப்படைத்தார். ராத்திரி அவை நரிகளாகி, லாயத்தில் ஏற்கெனவே இருந்த நல்ல குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. பழைய சரக்கிலும் நஷ்டம். அரசன் வாதவூரரை வைகை மணலில் வெயிலில் நிறுத்தினான். அடியாரைக் காக்க இறைவன் வைகையைப் பெருக்கினார்.

இந்த இடத்தில் நிறுத்தி யோசிக்க வேண்டும். அழைத்தவருக்கும் அழைக்கப்பட்டவருக்கும் இடையே இருந்த கணக்கு, வெள்ளமாகி ஊருக்குள் வந்துவிட்டது. கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து அவரவர் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று முரசறைந்தார்கள். குருந்த மரத்தைக் கண்ணால் பார்த்திராத ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நாள் கூலி வேலை நட்டம். வந்தி என்ற கிழவி வீட்டில் ஆளே இல்லை. பிட்டு அவித்து விற்றுப் பிழைப்பவள். மாணிக்கவாசகரின் அழைப்புக்கான பில் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஊரிலேயே மிக ஏழையான ஒருத்தியின் வாசலில் வந்து நின்றது.

அவள் புலம்பினாள். இந்த நூலில் முதல் முறையாகத் திசை மாறுகிறது: கூப்பிட்டவள் மனுஷி, கூலியாளாக வந்தவர் கடவுள். பூக்கட்டிப் பார்க்கவில்லை, தவணை கேட்கவில்லை. தலையில் சும்மாடும் கையில் கூடையுமாக, கூலிக்கு ஆள் வேண்டுமா பாட்டி என்று கேட்டுக்கொண்டே வந்தார். இணங்கியதில் குறையில்லை. வேலையில்தான் குறை. நாலு கூடை மண் கொட்டிவிட்டுப் பிட்டு தின்றார், ஆடினார், பாடினார், மரத்தடியில் தூங்கினார். வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் நின்றது. மேற்பார்வை பார்க்க வந்த பாண்டியன் பிரம்பால் ஓங்கி அடிக்க, அந்த அடி அரசன் முதுகிலும் அரசி முதுகிலும் ஊரார் முதுகிலும் எல்லா உயிர்மீதும் விழுந்தது. ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு ஆள் மறைந்தார்; கரை அடைபட்டது. ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் சுவாமி புட்டுத்தோப்புக்குப் போய் மண் சுமந்து வருகிறார். அழைப்புக்கு உடனே இணங்கி வந்தும் சொன்ன வேலையைச் செய்யாத வகைக்கு ஆதி உதாரணம் யாரென்று தொண்டு நிறுவனத்தார் அறிந்தால் தங்கள் இளம் தன்னார்வலர்களை இனித் திட்டமாட்டார்கள்.

அண்ணா பஸ் ஸ்டாண்ட் பக்கம் பத்து ரூபாய்க்குச் சாப்பாடு போட்டு, 2020இல் காலமான ராமு தாத்தாவை மதுரைக்காரர்களுக்குத் தெரியும். பெரியாஸ்பத்திரிக்கு நோயாளியோடு வந்தவர்களுக்கு அந்த இலையின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். இலவசமாகப் போடாமல் பத்து ரூபாய் வாங்கியதில் ஓர் இலக்கணம் இருக்கிறது: காசு கொடுத்து உட்கார்ந்தவன் இன்னொரு கரண்டி சாம்பார் அதட்டிக் கேட்கலாம். மீதிச் செலவைத் தாத்தா தம் பேரில் எழுதிக்கொண்டார்.

வந்தியின் ஒப்பந்தம் வேறு மாதிரி. கூலி கொடுக்க அவளிடம் காசில்லை. அவிக்கிற பிட்டில் உதிர்ந்து போவதெல்லாம் உனக்கு, உதிராமல் நிற்பது எனக்கு விற்க என்று பேசி முடித்தாள். இரு தரப்புக்கும் நியாயமான பேச்சு. ஏழைப்பட்டவள் கணக்குப் பார்த்துச் செய்தது. அன்று அவித்த பிட்டு முழுவதும் உதிர்ந்தது. கூலியாள் அத்தனையையும் துணியில் வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு விற்க அவளிடம் ஒரு பிட்டும் மிஞ்சவில்லை. இந்த நட்டத்தை என்ன செய்வது என்று புராணம் பேசவில்லை. சிவகணங்களை விமானத்தோடு அனுப்பி அவளைச் சிவலோகத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்க் கணக்கை முடித்துவிட்டது.